கிராஸ்மேன் 2240 ஏர் பிஸ்டல்: .22-இலிருந்து .177-க்கு மாற்றுவது எப்படி

கிராஸ்மேன் 2240 விலை குறைந்த ஏர் பிஸ்டல். 12 கிராம் கார்பன்-டை-ஆக்சைடு குப்பியில் இயங்கும். ஒரு நேரத்தில் பெல்லட் எனும் ஈயக் குண்டு ஒன்றுதான். பெல்லட்டைப் பேரலுக்குள் தள்ளும் போல்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். ஆலையிலிருந்து .22 காலிபரில், அதாவது 5.5 மி.மீ. பெல்லட்டுக்கு, 7.25 அங்குல பேரலுடன் வருகிறது. இதே குடும்பத்தில் .177 காலிபரில், அதாவது 4.5 மி.மீ.யில், 2300டி, 2300எஸ் என்ற அண்ணன்மார் இருக்கிறார்கள். வால்வு, குழாய், கைப்பிடிச் சட்டம் எல்லாம் ஒரே அச்சு. அதனால்தான் இந்த மாற்றம் கடைசல் இயந்திரம் இல்லாமலே நடக்கிறது.

கீழே வரும் எதுவும் வெடிமருந்துத் துப்பாக்கிக்குப் பொருந்தாது. அங்கே அழுத்தமும் சட்டமும் வேறு.

மாற்றினால் என்ன கிடைக்கும், என்ன போகும்

கிடைப்பது மூன்று. .177 பெல்லட் விலை குறைவு. 10 மீட்டர் இலக்குச் சுடுதலுக்கு உலகம் முழுவதும் 4.5 மி.மீ.தான் அளவு என்பதால் நல்ல மேட்ச் பெல்லட்டுகள் இந்தக் காலிபரில்தான் ஏராளம். வேகம் கூடுவதால் பாதை கொஞ்சம் தட்டையாகும்.

போவது ஆற்றல். காலிபரை மாற்றினால் பிஸ்டல் 'பவர்' கூடும் என்ற நினைப்போடு இறங்குகிறவர்கள் நிறைய. நடப்பது தலைகீழ். ஒரே அழுத்தத்தில் பெல்லட்டின் பின்பக்கத்தைத் தள்ளும் விசை அதன் பரப்பைப் பொறுத்தது. 4.5-ஐ 5.5-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.67. அதாவது அதே வாயு, அதே பேரல் நீளம் என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலைதான் பெல்லட்டுக்குப் போய்ச் சேரும். 2240-க்கு உற்பத்தியாளர் சொல்லும் உச்ச வேகம் நொடிக்கு 460 அடி. 14.3 கிரெய்ன் எடையுள்ள பெல்லட்டுக்கு அது 9 ஜூலைத் தொடும். .177-க்கு மாற்றி 7.9 கிரெய்ன் பெல்லட் போட்டால் 6 ஜூல் பக்கத்தில் எதிர்பார்க்கலாம். 10.1 அங்குல பேரல் போட்டு 520 அடி வேகம் கிடைத்தாலும் அது 6.4 ஜூல்தான்.

குப்பிக்குச் சுடும் எண்ணிக்கையும் பெரிதாக ஏறாது. வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை, அதைத் தட்டித் திறக்கும் சுத்தியான ஹேமரும் அதன் ஸ்பிரிங்கும் தீர்மானிக்கின்றன. பேரலின் துளை அல்ல. சின்னத் துளைக்குத் தேவைப்படாத மிச்ச வாயு சத்தமாக வெளியே போகிறது.

சட்டத்தை முதலில் பாருங்கள்

காலிபர் மாறினால் சில நாடுகளில் பிஸ்டலின் சட்ட வகையே மாறிவிடும். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கனடாவில் நொடிக்கு 152.4 மீட்டர் வேகம், 5.7 ஜூல் ஆற்றல் என்ற இரண்டையும் சேர்த்துத் தாண்டினால் அது சட்டப்படி துப்பாக்கி. .22-இல் இருக்கும்போது 2240 வேக வரம்புக்குக் கீழே நிற்கிறது. .177-க்கு மாற்றி 10.1 அங்குல பேரல் போட்டால் இரண்டையும் தாண்டிவிடக்கூடும். 7.25 அங்குலத்திலேயே எடை குறைந்த பெல்லட் போட்டால் வரம்புக் கோட்டிலேயே நிற்கும். ஆற்றல் குறைந்தும் சட்டச் சிக்கல் கூடும் விசித்திரம் இது. இங்கிலாந்தில் கதை வேறு: ஏர் பிஸ்டல் 6 அடி-பவுண்டைத் தாண்டக் கூடாது, அதாவது 8.1 ஜூல். .177-க்கு இறங்குவது அங்கே பாதுகாப்பான பக்கம். ஜெர்மனியில் உரிமமின்றி வைத்துக்கொள்ள வரம்பு 7.5 ஜூல். அமெரிக்காவின் மத்தியச் சட்டம் ஏர் கன்னைத் துப்பாக்கியாகப் பார்ப்பதில்லை. ஆனால் நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் பார்க்கின்றன. இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேலோ 4.5 மி.மீ. துளைக்கு மேலோ போனால் உரிமம் வேண்டும். ஆகவே ஆலையிலிருந்து வரும் .22 வடிவம் அங்கே உரிம வகைக்குள் விழுகிறது. பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று முதலில் .22-ஐ வாங்கி வைப்பது தப்பு.

வாங்க வேண்டியவை

பேரல் மட்டும் போதும் என்று நினைத்து வாங்கிவிட்டு மேசையில் மாட்டிக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது. ஒன்றாக மாற வேண்டியவை மூன்று: பேரல், போல்ட், பிரீச் (பேரலின் பின்முனையையும் போல்டையும் தாங்கும் மேல்பகுதி).

.177 பேரல். இந்தக் குடும்பத்துப் பேரல்களின் வெளிவிட்டம் 7/16 அங்குலம், அதாவது 11.1 மி.மீ. .22-க்கும் .177-க்கும் இது ஒன்றே. அதனால் எது வேண்டுமானாலும் பிரீச்சில் நுழையும். நுழைகிறது என்பதால் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. பேரலின் பின்முனைக்கு அருகே அடிப்பக்கத்தில் வாயு வரும் துளை போடப்பட்டிருக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கென்றே செய்யப்பட்ட பேரலை வாங்கினால் அது சரியான இடத்தில் இருக்கும். 1377 என்ற பம்ப் பிஸ்டலின் .177 பேரலும் இதே இனம். வெறும் குழலை வாங்கி நீங்களே துளை போட நினைத்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் போதாது.

நீளம் எது? எளிதாக முடிய வேண்டுமென்றால் பழைய 7.25 அங்குலத்தையே .177-இல் தேடுங்கள். முன்குறி, பேரல் பட்டை எல்லாம் அப்படியே பொருந்தும். 10.1 அங்குலம் கொஞ்சம் வேகமும் நீண்ட குறிக்கோடும் தரும். ஆனால் முன்குறிக்கு வேறு ஏற்பாடு வேண்டும், பேரலைப் பட்டையால் தாங்க வேண்டும். 14 அங்குலத்துக்கு மேல் போனால் அது பிஸ்டலே அல்ல. தோளில் வைக்காமல் கையில் பிடிக்க மூக்கு கனக்கும்.

.177 போல்ட், அதன் ஓ-ரிங்கோடு. .22 போல்டின் மூக்கு .177 பேரலுக்குள் நுழையாது. மூக்கை அரத்தால் ராவிச் சின்னதாக்குகிறேன் என்று இறங்காதீர்கள். மையம் ஒரு முடி விலகினாலும் ஒவ்வொரு பெல்லட்டின் பாவாடையும், அதாவது பின்பக்க விளிம்பும், ஒரு பக்கம் நசுங்கும்.

.177 பிரீச். இதை விட்டுவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். விட்டாலும் சுடும். ஆனால் பெல்லட் வைக்கும் பள்ளம் .22-க்கு அகலமாகச் செய்யப்பட்டது. அதில் .177 பெல்லட் உருண்டு, தலைகீழாகத் திரும்பி, போல்டுக்கு முன்னால் குறுக்கே கிடக்கும். ஐந்து முறைக்கு ஒரு முறை இப்படி நடந்தால் சுடும் ஆசையே போய்விடும். ஆலைப் பிளாஸ்டிக் பிரீச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு .177-க்கான இரும்பு பிரீச் கிட் வாங்குவது நம் பரிந்துரை. பிளாஸ்டிக் வளையும், நீண்ட பேரல் போட்டால் மூக்கு தொங்கும். இரும்பில் மேலே 11 மி.மீ. டவ்டெயில் தண்டவாளமும் வரும், குறிநோக்கி மாட்டலாம். கிட்டில் போல்ட் சேர்ந்து வருகிறதா, எந்தக் காலிபர் போல்ட், பின்குறி உண்டா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பின்குறி தனியாக வாங்க நேரலாம்.

இவற்றோடு, வால்வுக்கும் பேரலுக்கும் நடுவே நிற்கும் சின்னக் குழாய்த்துண்டு ஒன்று, அதாவது டிரான்ஸ்ஃபர் போர்ட், உபரியாக வாங்கி வையுங்கள். இரண்டு உபரி போல்ட் ஓ-ரிங்கும். விலை ஒன்றுமில்லை, தொலைந்தால் வேலை நின்றுவிடும்.

கருவிகள்

அங்குல ஆலன் கீ வேண்டும், மில்லிமீட்டர் வேண்டாம். இரும்பு பிரீச்சின் சின்னத் திருகுகள் 5/64, 1/16 அங்குல வகை. 5/64 என்பது 1.98 மி.மீ. என்பதால் 2 மி.மீ. சாவி சில சமயம் நுழையும், சில சமயம் அடம்பிடிக்கும். 1/16 என்பது 1.59. அதில் 1.5 மி.மீ. சாவியைப் போட்டால் தளர்வாகச் சுழன்று திருகின் உள்முனைகளை உருட்டிவிடும். உருண்ட திருகை வெளியே எடுப்பது இந்த முழு வேலையைவிடப் பெரிய வேலை.

தட்டை, நட்சத்திரத் திருப்புளிகள் ஒவ்வொன்று. 600-ஆம் எண் உப்புத்தாளும் அதற்கு மேல் 1000-உம். பென்சில் தடிமனில் ஒரு மரக்குச்சி. பித்தளை அல்லது மரத்தாலான துப்புரவுக் கம்பி. வெள்ளைத் துணி விரித்த மேசை, ஒரு தட்டு, கைபேசிக் கேமரா. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஸ்பிரிங் இருக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று: கார்பன்-டை-ஆக்சைடு துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டில் கீல்களுக்கு அடிக்கும் ஸ்பிரே எண்ணெய் வாஷர்களைக் கெடுக்கும்.

கழற்றுதல்

குப்பியை முதலில் காலி செய்ய வேண்டும். வாய் பாதுகாப்பான திசையில் இருக்க, போல்டைத் திறந்து பேரலுக்குள் பெல்லட் இல்லை என்று கம்பி விட்டுப் பாருங்கள். பிறகு முன்மூடியைக் கால் சுற்றாகத் திருகித் தளர்த்துங்கள். சீறல் வரும். நின்ற பிறகுதான் அடுத்த கால் சுற்று. வெளிவரும் வாயு உறைபனிக் குளிர். விரலை எதிரே வைக்காதீர்கள். குப்பியை வெளியே எடுத்த பிறகும் போல்டை இழுத்து ஒரு முறை விசையை, அதாவது டிரிகரை, அழுத்துங்கள். வால்வுக்குள் மிச்சம் இருந்தால் அதுவும் போகட்டும்.

அடுத்து பேரலின் முன்பக்கம். பேரலையும் கீழே உள்ள குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டில் திருகு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் கையால் மெதுவாக ஆட்டி முன்னோக்கி இழுங்கள். இடுக்கி வேண்டாம். வரவில்லை என்றால் சுடுதண்ணீரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் சுற்றிவிட்டு முயலுங்கள்.

இப்போது பிரீச். இதை இரண்டு திருகுகள் பிடித்திருக்கின்றன. முன்திருகு பெல்லட் பள்ளத்துக்குள் இருக்கிறது, போல்டைப் பின்னுக்கு இழுத்தால்தான் தெரியும். இழுக்கும்போது ஹேமர் ஏறி நின்றுவிடும். முன்திருகைக் கழற்றிய கையோடு போல்ட் கைப்பிடியை இறுகப் பிடித்து, விசையை அழுத்தி, ஹேமரை மெல்ல முன்னால் இறக்கிவிடுங்கள். இறக்காமல் பின்திருகைத் தொடக் கூடாது.

ஏனென்றால் பின்திருகு வெறும் பிரீச்சை மட்டும் பிடிக்கவில்லை. குழாயின் பின்முனையில் ஹேமர் ஸ்பிரிங்கை அடைத்து நிற்கும் அடைப்பானில் அது இறங்குகிறது. திருகு வெளியே வந்ததும் ஸ்பிரிங் அடைப்பானைப் பின்னால் தள்ளும். பெரிய விசை அல்ல. ஆனால் எதிர்பாராதபோது துண்டு பறந்து கட்டிலுக்கடியில் போய்விடும். கட்டைவிரலைக் குழாயின் பின்புறம் அழுத்தி வைத்துக்கொண்டு திருகைக் கழற்றுங்கள். பிறகு விரலைத் தளர்த்தி ஸ்பிரிங்கைத் தானாக நீள விடுங்கள்.

பிரீச்சை நேராக மேலே தூக்கும் முன் ஒரு படம் எடுங்கள். தூக்கும்போது இரண்டு சின்னத் துண்டுகளில் கண் இருக்கட்டும். ஒன்று, போல்டையும் ஹேமரையும் இணைக்கும் முள். இன்னொன்று, வால்வின் மேல்துளையில் நிற்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட். அது சில சமயம் வால்வோடு கீழே நிற்கும். சில சமயம் பேரலோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும். எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு மேலே போங்கள்.

கைப்பிடிச் சட்டத்தைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. அதற்குள் பாதுகாப்புப் பூட்டின் சின்ன ஸ்பிரிங்கும் இரும்பு உருண்டையும் இருக்கின்றன. ஆர்வத்தில் திறந்தவர்கள் தரையில் தவழ்ந்து தேடுவார்கள்.

புதுப் பேரலைத் தயார் செய்தல்

பலரும் தாவிச் செல்லும் இடம் இது. துல்லியத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

பேரலின் பின்முனை வாயிலும், அடிப்பக்க வாயுத் துளையின் உள்விளிம்பிலும் துளை போட்டபோது எழுந்த பிசிர் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு இழுத்தால் நூல் மாட்டும். அந்தப் பிசிர் இரண்டு வேலை செய்கிறது. போல்டை மூடும்போதெல்லாம் ஓ-ரிங்கைச் சீவுகிறது. பெல்லட் அதைத் தாண்டிப் போகும்போது ஈயப் பாவாடையைக் கீறுகிறது. ஓ-ரிங் நூறு சுற்றில் கிழிந்தால் ஓ-ரிங்கைக் குறை சொல்கிறோம். குற்றவாளி இந்த விளிம்பு.

மரக்குச்சியின் முனையில் 600 உப்புத்தாளைச் சுற்றி, துளை இருக்கும் ஒரு அங்குலத்துக்குள் மட்டும், விரலால் உருட்டுவதுபோல் சுழற்றுங்கள். பத்துச் சுற்று, பஞ்சுக்குச்சிச் சோதனை, மறுபடி பத்து. நூல் மாட்டாமல் வந்ததும் 1000-க்கு மாறி இன்னும் பத்து. ரைஃப்லிங்கை, அதாவது பெல்லட்டைச் சுழற்றும் சுருள் பள்ளங்களை, மொண்ணையாக்குவது நோக்கமல்ல, விளிம்பை மழுக்குவது மட்டுமே. டிரில் இயந்திரத்தில் குச்சியை மாட்டிச் சுற்றினால் வேலை பத்து விநாடியில் முடியும், பேரலும் முடியும்.

வாயுத் துளையைப் பெரிதாக்குங்கள் என்ற யோசனை எங்கும் காதில் விழும். வேண்டாம். .177-க்கு வரும் வாயுவே மிச்சம். துளை பெரிதானால் விளிம்பு நீளும், ஓ-ரிங்கின் ஆயுள் குறையும், சட்ட வரம்பும் நெருங்கும்.

முன்வாயின் விளிம்பை, அதாவது கிரௌனை, பூதக்கண்ணாடியில் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒரு இடத்தில் நசுங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள். பிறகு, எண்ணெய் போடாத துணித்துண்டைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளிப் பேரலைச் சுத்தம் செய்யுங்கள். கறுப்பு வருவது நிற்கும்வரை ஐந்தாறு துண்டு போகும்.

பொருத்துதல்

புது பிரீச்சைக் கையில் திருப்பிப் பார்த்தால் பேரலைப் பிடிக்கும் தலையில்லாத சின்ன மறைதிருகு தெரியும். அதைத் தளர்த்திப் பேரலை உள்ளே தள்ளுங்கள். பேரலின் அடித்துளையும் பிரீச்சின் அடித்துளையும் ஒரே நேரில் வர வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிரான்ஸ்ஃபர் போர்ட்டையே எடுத்துக் கீழிருந்து நுழைத்துப் பாருங்கள். தடையின்றி, சாயாமல் பேரலின் துளையில் போய் அமர்ந்தால் சரி. அதை அங்கேயே நிற்க வைத்து, பேரல் அசையாதபடி பிடித்துக்கொண்டு மறைதிருகை இறுக்குங்கள். விரல் நுனியில் சின்னச் சாவி எதிர்க்கத் தொடங்கியதும் எட்டில் ஒரு பங்குச் சுற்று, அவ்வளவுதான். அதிகம் இறுக்கினால் பேரலின் சுவர் உள்ளே புடைத்து, அந்த இடத்தில் ஒவ்வொரு பெல்லட்டும் பிடிக்கும்.

இந்த ஒரு நேர்கோடுதான் மொத்த வேலையின் உயிர். பேரல் அரை மி.மீ. சுழன்றிருந்தாலும் வாயுவின் பாதை குறுகும், டிரான்ஸ்ஃபர் போர்ட்டின் உதடு நசுங்கும், பிரீச்சின் அடியில் கசியும். பிறகு வேகம் ஏன் குறைகிறது என்று வால்வைக் கழற்றுவார்கள், ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். காரணம் இங்கே உட்கார்ந்திருக்கும்.

.177 போல்டின் ஓ-ரிங்கில் ஒரு துளி எண்ணெயைத் தடவி பிரீச்சில் நுழைத்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபர் போர்ட்டை இப்போது வால்வின் துளையில் நிற்க வையுங்கள். ஹேமர் முள் அதன் இடத்தில். பிரீச்சை நேராகக் கீழே இறக்குங்கள். முள் போல்டில் சேர வேண்டும். டிரான்ஸ்ஃபர் போர்ட் பேரலில் நுழைய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பிரீச் குழாயின் மேல் இடைவெளியின்றிப் படியும். ஒரு பக்கம் தூக்கி நின்றால் திருகு போட்டு இறக்கப் பார்க்காதீர்கள். எடுத்து மறுபடி வையுங்கள்.

முன்திருகை முதலில், பாதி மட்டும். பிறகு ஹேமர் ஸ்பிரிங்கையும் அடைப்பானையும் பின்னாலிருந்து தள்ளி, அதன் துளை மேல்துளைக்கு நேரே வந்ததும் பின்திருகை ஏற்றுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி முடியுங்கள். கடைசியாக முன்பக்கப் பட்டை. அது பேரலைத் தாங்க வேண்டுமே தவிர ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பட்டையைத் தளர்த்தி, பேரல் தானாக நிற்கும் இடத்தில் நிற்க, அந்த நிலையிலேயே இறுக்குங்கள்.

முதல் சோதனை

குப்பி போடாமல் போல்டைப் பத்து முறை இழுத்துத் தள்ளுங்கள். கரகரப்பு இருக்கக் கூடாது. பத்தாவது முறைக்குப் பிறகு போல்டின் ஓ-ரிங்கைப் பாருங்கள். கறுப்புத் துகள் ஒட்டியிருந்தால் பிசிர் மிச்சம் இருக்கிறது.

பிறகு குப்பியின் கழுத்தில் ஒரு துளி எண்ணெய் வைத்து ஏற்றுங்கள். குப்பி துளைக்கப்பட்டு வாயு வந்ததும் கசிகிறதா என்று காதருகே வைத்துக் கேட்காதீர்கள். சோப்பு நீரைப் பிரீச்சின் அடிவிளிம்பிலும் மூடியிலும் தடவிக் குமிழி பாருங்கள். வால்வு மூடியிருக்கும்போது பிரீச்சில் வாயுவே இருக்காது. அங்கே குமிழி வந்தால் வால்வே கசிகிறது, அது இந்த வேலையால் வந்ததல்ல. சுடும்போது மட்டும் கசிகிறதா என்று பார்க்க, மெல்லிய டிஷ்யூ காகிதத்தைப் பிரீச்சின் பக்கத்திலும் போல்டின் பின்னாலும் தொங்கவிட்டு ஒரு முறை சுடுங்கள். காகிதம் எங்கே துள்ளுகிறதோ அங்கே கசிவு. போல்டின் பின்னால் துள்ளினால் ஓ-ரிங். பிரீச்சின் பக்கத்தில் துள்ளினால் டிரான்ஸ்ஃபர் போர்ட்.

வேகமானி இருந்தால் பத்துச் சுற்று எழுதிக்கொள்ளுங்கள். சுற்றுக்குச் சுற்று அரை நிமிடமாவது இடைவெளி கொடுங்கள். கார்பன்-டை-ஆக்சைடு ஒவ்வொரு முறை விரியும்போதும் குளிர்கிறது. குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். 21 டிகிரியில் குப்பிக்குள் 58 பார் போல இருக்கும் அழுத்தம் 10 டிகிரியில் 45-க்கு வந்துவிடும். வேகமாகச் சுட்டுவிட்டு 'கசிகிறது' என்று முடிவுகட்டும் தவறு இங்கேதான் நடக்கிறது. வெயிலில் நின்ற காருக்குள் குப்பி மாட்டிய பிஸ்டலை விட்டுச் செல்வது அதைவிடப் பெரிய தவறு. குப்பிகளை 50 டிகிரியை நெருங்க விடக் கூடாது.

பெல்லட்

உருண்டை இரும்பு பிபி போடாதீர்கள். 4.5 மி.மீ. என்று டப்பாவில் எழுதியிருக்கும், பேரலுக்குள்ளும் போகும். ஆனால் இரும்பு ரைஃப்லிங்கைத் தேய்க்கும். கடினமான பரப்பில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வரும்.

இந்த ஆற்றலுக்கு 7-லிருந்து 8 கிரெய்ன் வரையிலான தட்டைத்தலை பெல்லட் பொருந்தும். ஆர்.டபிள்யூ.எஸ். மைஸ்டர்குகெல்ன் 7 கிரெய்ன், எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் 7.56 கிரெய்ன் போன்றவை தொடக்கத்துக்கு நல்லவை. 10 கிரெய்னுக்கு மேற்பட்ட கனமான பெல்லட் இந்த நீளப் பேரலில் வேகத்தைத் தின்றுவிட்டுத் தாழ்வாக விழும். நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு டப்பா வாங்கி, பத்துப் பத்தாகச் சுட்டு, தாளில் விழும் துளைகளின் குழு எதில் சிறியதாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பேரல் முதல் ஐம்பது அறுபது சுற்றுக்கு ஈயம் படியும்வரை மனம் போனபடி சுடும். அதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

குறியைச் சரிசெய்தல்

பழைய குறி நிலை இனி உதவாது. 10 மீட்டரில் வெள்ளைத்தாளின் நடுவே ஒரு புள்ளி வைத்து ஐந்து சுற்று சுட்டு, குழுவின் மையத்தைப் பாருங்கள். பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின்குறியை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். மேலே போக வேண்டுமென்றால் பின்குறியை மேலே. முன்குறி என்றால் எல்லாம் எதிர்த்திசை. இரண்டு குறிகளுக்கும் நடுவே 24 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பின்குறியின் 0.1 மி.மீ. அசைவு 10 மீட்டரில் 4 மி.மீ. நகர்த்தும். ஆகவே திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள்.

குழு கண்டபடி பரவினால் குறியைத் தொடாமல் பேரல் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். அது பேரலை இழுக்கிறதா? மறைதிருகு தளர்ந்ததா? இரண்டும் சரி என்றால் சுட்ட ஒரு பெல்லட்டை மெத்தென்ற துணிக்கட்டில் பிடித்து எடுத்துப் பாவாடையைப் பாருங்கள். ஒரே இடத்தில் கீறல் இருந்தால் வாயுத் துளையின் விளிம்பு இன்னும் கூர்மை. பாவாடை ஒரு பக்கம் மடங்கியிருந்தால் போல்ட் மூக்கு மையத்தில் இல்லை.

சிக்கும் மற்ற இடங்கள்

பெல்லட் வெளியே வராமல் சத்தம் மட்டும் வந்தால் இன்னொரு பெல்லட்டை உடனே போட்டுத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். குப்பியை இறக்கி, வாயுவை வெளியேற்றி, போல்டைத் திறந்து, முன்வாயிலிருந்து பித்தளைக் கம்பியால் தள்ளி எடுங்கள். பள்ளத்தில் இரண்டு பெல்லட் ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருப்பது வழக்கமான காரணம்.

போல்டை இழுத்தும் ஹேமர் ஏறவில்லை என்றால் இணைப்பு முள் கீழே சேரவில்லை. பிரீச்சை மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

போல்ட் கடைசி மி.மீ.யில் இறுகினால் பெல்லட் தலையின் அளவைப் பாருங்கள். 4.49, 4.50, 4.52 என்று டப்பாவில் இருக்கும். பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குங்கள். அதிலும் தீராவிட்டால் வந்தது .22 போல்டா என்று பாருங்கள், அனுப்பியவர் மாற்றிப் போட்டிருக்கலாம். வெர்னியரில் மூக்கின் விட்டத்தை அளந்தால் தெரிந்துவிடும்.

பழைய .22 பேரல், போல்ட், பிரீச் மூன்றையும் ஒரே பையில், 5.5 மி.மீ. என்று எழுதிக் கட்டி வையுங்கள். டிரான்ஸ்ஃபர் போர்ட்டும் வால்வும் பொது என்பதால் திரும்ப மாற்ற இருபது நிமிடம் போதும். மேசையில் .22, .177 பெல்லட் டப்பாக்கள் ஒன்றாகத் திறந்து கிடக்க வேண்டாம். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பாட்டைத் தொடுங்கள். விரலில் ஒட்டியிருப்பது ஈயம்.